மாற்றுக் கோல்கீப்பர்

1

திறமை சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதே மனித குலத்தின் ஆகப்பெரிய சோகம். இந்தக் கதை அந்தச் சோகத்தின் வயிற்றில் பிறந்தது.

(பொய். என் மைத்துனனுக்கு வேலை போகப்போகிறது. அதில் பிறந்தது.)

2

மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கணினியில் ஆடும் கால்பந்து விளையாட்டைத் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறான். ஆடுகிறவர் பந்தை உதைக்க வேண்டியதில்லை. மேலாளராக உட்கார்ந்து ஆட்களை வாங்கி, விற்று, திட்டினால் போதும். அந்த ஆட்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று திறமை போடுவது மைத்துனன் பொறுப்பு.

'அவன் கண்களில் மேதைமையின் தீ' என்று அவனை அறிமுகப்படுத்தி...

அவனே படித்துவிட்டு அந்த வரியை அடித்தான். "அத்தான், கதையில வர்றதே நாலு பேரு. நாலும் மேதையா? ஆயிரத்துல ஒருத்தன் தேறினா அதிகம். மிச்சப் பேரு பந்து வந்தா உதைப்பான், வரலைன்னா நிப்பான். என்னை நாப்பத்தஞ்சுல வைங்க."

வைத்தேன். கதை உடனே நம்பும்படி ஆகிவிட்டது. எரிச்சலாக இருந்தது.

3

கடைசிப் பிரிவின் கடைசி அணிக்குப் பெயர்கள் தீர்ந்துபோய், அலுவலகத்தாரின் பெயர்களையே சூட்டினான்.* வினை அங்கே ஆரம்பித்தது.

கணக்காளர் வந்து, முப்பத்திரண்டு என்று போட்டால் வீட்டில் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று இழுத்தார். ஏற்றினான். காவலாளி, தனக்காகக் கேட்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன் என்றார். ஏற்றினான். முதலாளியம்மா எதுவும் கேட்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டு யதார்த்தத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். தொண்ணூற்றொன்று போட்டான்.

ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

4

விநியோகஸ்தர் முன்னால் விளையாட்டை ஓட்டிக் காட்டினார்கள். கடைசி அணி சாம்பியனை ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று புரட்டிப் போட்டது. ஏழு கோல் கணக்காளர்.

"இதுதான் உங்க யதார்த்தமா?" என்றார் விநியோகஸ்தர். முதலாளியம்மா மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். நாளை மறுபடி காட்ட வேண்டும். அந்த அணியில் ஒரே ஒரு ஆளின் எண் ஏற்றியபடியே நின்றாலும் மைத்துனனுக்கு வேலை இல்லை.

5

முடிவுகள். ஒன்று: எல்லோரையும் இறக்குகிறான், வேலை தப்புகிறது, அலுவலகத்தில் ஒருவரும் முகம் கொடுப்பதில்லை. இரண்டு: முதலாளியம்மாவே தவறை ஒப்புக்கொண்டு (இல்லை, அந்த அம்மாளை எனக்குத் தெரியும்). மூன்று: நாம் பெரும்பாலும் சுமார்தான், அதில் என்ன கேவலம் என்று நானே விநியோகஸ்தரிடம் போய்...

பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது நேரமில்லை. மைத்துனன் எதிரே உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருக்கிறான்.

"ஆபீஸ் ஆளுங்களை எல்லாம் இறக்கிட்டேன், அத்தான். வீட்டு ஆளை நானா எப்படி இறக்குறது? அவரா ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்."

நல்ல தேநீர் என்றேன்.

---

* ஓர் ஆள் குறைந்ததால் வெளியிலிருந்து ஒருவரைச் சேர்த்தான். மாற்றுக் கோல்கீப்பர். எண்பத்தாறு. இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.