மஞ்சள் சட்டை இழைகள்

நோலீனுக்குக் கோபம் வந்து அந்தக் கடற்கரை ஊர் பார்த்திருக்கிறது. அவள் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தது.

ஊர்க்கூட்டத்தில் ஆய்வக அறிக்கையை வாசித்தார்கள். அவள் வேலை பார்க்கும் கழிவுநீர் நிலையம் சுத்திகரித்து ஆற்றில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு எழுபத்தோரு பிளாஸ்டிக் இழைகளாம். கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி இழைகள். பத்தொன்பது வருடமாக அந்த நிலையத்தின் மணல் வடிகட்டியைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவள் அவள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் சிப்பிப் பண்ணை வைத்திருக்கும் லெஸ், ஒரு தட்டு நிறையச் சிப்பிகளை உடைத்து அவள் முன்னால் வைத்தான்.

"உன் தண்ணியக் குடிச்சு வளந்தது, நோலீன். எங்க, ஒண்ணு தின்னு பாப்போம்."

அவள் தொடவில்லை.

மறுநாள் காலை வேலைச் சட்டையோடு இரண்டு மணி நேரம் வண்டியோட்டி ஆய்வகத்துக்குப் போய், "என் கண்ணால பாக்கணும்" என்று நின்றாள். நுண்ணோக்கியில் குனிந்தாள். முக்கால்வாசி இழைகள் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். ஊரில் யாருடைய துணி இப்படி இழை உதிரும் என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தவளின் பார்வை தன் சட்டைக் கையில் விழுந்தது.

நிலையத்தில் எல்லோரும் கட்டாயம் போடவேண்டிய மஞ்சள் பாலியஸ்டர் சட்டை. மாதிரி எடுத்த அன்று காற்று வேறு. கால்வாய் மேல் குனிந்து அவள்தான் தண்ணீர் மொண்டாள். பக்கத்தில் ஒரு பாட்டிலில் சுத்தமான தண்ணீரைத் திறந்து வையுங்கள், காற்றிலிருந்து விழுவது அதில் தெரியும் என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்திருந்தது. "இது என்ன வெட்டி வேலை" என்று அவள்தான் வைக்கவில்லை.

மறுபடி தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும் என்றாள். வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் படுவதற்காக, மஞ்சள் சட்டை இல்லாமல் வாசலையே தாண்டக்கூடாது என்பது விதி. மேலாளரிடம் மல்லுக்கட்டி, ஒரு காலைப்பொழுது முற்றத்தில் எந்த வண்டியும் ஓடாமல் நிறுத்த வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்தரையில் பந்து உருட்டி விளையாடப் போகும்போது போடும் வெள்ளைப் பருத்தி உடுப்பில் அவள் வந்தாள். கூட வேலை பார்க்கும் டாரில் கோடுபோட்ட பைஜாமாவில் வந்தான்.

"வீட்ல இருக்கிற ஒரே பருத்தி இதுதான். சிரிச்சேன்னா திரும்பிப் போயிருவேன்."

"வாய்யா மாப்பிள்ள. உன்னப் பாத்தா கிருமியே ஓடிரும்."

எஃகு வாளியில் மொண்டார்கள். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் திறந்தே இருந்தது.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவளே எழுந்தாள்.

"போன தடவ சொன்ன எழுபத்தொண்ணுல முக்கால்வாசி என் சட்டை. மீதியும் பெரும்பாலும் காத்துல வந்து விழுந்தது. வெறும் தண்ணி பாட்டில் வெக்கச் சொன்னாங்க, நான் வெக்கல. தப்பு என்னுது." கூடம் சிரித்தது. அவள் காத்திருந்தாள். "இந்த ஊர் வீடுகள்ல இருந்து லிட்டருக்கு இருநூத்திப் பத்து உள்ள வருது. வெளிய போறது மூணு."

"பூஜ்யம்னு சொல்ல மாட்டேங்கிற" என்றான் லெஸ்.

"பொய் சொல்ல மாட்டேன். மூணு. வடிகட்டி பிடிச்சதெல்லாம் நிலையத்துச் சேத்துல இருக்கு, அது வயலுக்கு உரமாப் போகுது. அடுத்து அதைத்தான் எண்ணப் போறோம். டாரிலோட பைஜாமா தயாரா இருக்கு." மேசையைத் தட்டினாள். "தட்டு எங்க லெஸ்?"

லெஸ் எழுந்து வண்டிக்குப் போனான். பன்னிரண்டு சிப்பிகளை அவள் முன்னாலேயே உடைத்து வைத்தான். எலுமிச்சம்பழம் நீட்டினான். வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒன்றை வாயில் கவிழ்த்தாள். கூடமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"உப்பு சாஸ்தி. அது கடலோட வேலை, என் வேலை இல்ல."

பன்னிரண்டையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.