ஐந்து பிரேம் தள்ளி வந்த சத்தம்

என் வேலையே எதையும் நம்பாமல் இருப்பதுதான். விளையாட்டுச் செய்திகளுக்குப் படம் வெட்டி ஒட்டும் ஸ்டூடியோ எங்களுடையது. அண்ணன் முதலாளி, நான் எடிட்டர். ஒருவன் பாட்டில் மூடிமேல் பந்தை நிற்க வைத்தால் ஊரே வாயைப் பிளக்கும். நான் எங்கே வெட்டியிருக்கிறான் என்று தேடுவேன்.

அன்று கால்பந்துச் சங்கத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. பெண்கள் அணித் தேர்வில் ஒரே ஓர் இடம் காலி. வீடியோ நிஜம் என்று நாங்கள் சொன்னால் அதிலிருப்பவளுக்கு அந்த இடம். மூன்று மணிக்குள் பதில் வேண்டும்.

டைல்ஸ் ஒட்டும் பெண் ஒருத்தி, முழங்கால் வரை சிமெண்ட். கட்டி முடியாத அடுக்குமாடியின் திறந்த முற்றத்தில் இந்தக் கோடியில் நிற்கிறாள். அந்தக் கோடியில், மூன்றாவது மாடிச் சாரத்தில், ஓர் இரும்பு வாளி தொங்குகிறது. உதைக்கிறாள். பந்து வளைந்து மேலேறி வாளியின் நடு வயிற்றில் மோதுகிறது. டங்! அவள் சிரிக்கக்கூட இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சிமெண்ட் கரண்டியை எடுக்கிறாள்.

“அடேயப்பா! என்னா உதை!” என்றான் அண்ணன்.

“வாயை மூடு, ஈ போயிடும்.”

நிழல் சரி. பந்தின் விளிம்பு சரி. வாளி ஆடும் ஆட்டம் சரி. நிஜமாக இருக்கட்டுமே என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. பிறகு டைல்ஸை எண்ணினேன். இரண்டடி டைல்ஸ், வரிசைக்குத் தொண்ணூறு. ஐம்பத்தைந்து மீட்டர். அங்கே எழும் சத்தம், அவள் பக்கத்தில் சிமெண்ட் மூட்டைமேல் வைத்த போனுக்கு வந்து சேர ஐந்து பிரேம் ஆகும். வினாடிக்கு முப்பது பிரேம் ஓடும் வீடியோவில் அது வினாடியில் ஆறில் ஒரு பங்கு. என் திரையிலோ பந்து பட்ட அதே பிரேமில் டங்!

சத்தம் பிறகு சேர்த்தது. அப்படியானால் வாளியும்தான். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறாள்? ஒரு மணிக்கே ‘போலி’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டரைக்கு அவளே வந்து நின்றாள். சங்கத்தில் சண்டை போட்டு எங்கள் முகவரியை வாங்கியிருக்கிறாள். கையில் நசுங்கிய வாளி.

“யாருங்க என்னை ஃபிராடுன்னு சொன்னது?”

“நான்தான். தூரத்துல பட்ட சத்தம் லேட்டா வரணும்மா. உன் வீடியோல ஒட்டிக்கிட்டு வருது.”

“அது எனக்குத் தெரியாதாக்கா? சாரத்துல சுத்தியல் அடிச்சா, கை மேல போன பிறகுதான் சத்தம் கேக்கும். தினம் பாக்குறேன். என் வீடியோலயும் லேட்டாத்தான் வருது. நீங்க எதைப் பாத்தீங்க?”

கீறல் விழுந்த போனை நீட்டினாள். பந்து பட்டது. வாளி அசைந்தது. அப்புறம்தான் டங். எண்ணிப் பார்த்தேன், ஐந்து.

என் திரைக்குத் திரும்பினேன். சத்தத்தில் ஒரு வெட்டு இருந்தது. காலையில் வீடியோவைத் திறந்ததும், டீயை உறிஞ்சிக்கொண்டே, எல்லா உதைக்கும் செய்வதுபோல அந்த டங்கை வெட்டி எடுத்துப் பந்து படும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். சத்தம் தள்ளி வந்தால் பார்ப்பவர்கள் திட்டுவார்கள்; பதினோரு வருடக் கைப்பழக்கம்.

“போலி பண்ணினது நான்தாம்மா” என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஊர்ப் பொய்யெல்லாம் கண்டுபிடிக்கிற மகராசி!” என்றான் அண்ணன்.

“அதெல்லாம் அப்புறம் பேசுங்க. மணி ரெண்டே முக்கால்” என்றாள் அவள்.

சங்கத்துக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது, உதை நிஜம் என்று சொல்லி, எழுத்திலும் அனுப்பினேன். இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன்:

“நாளைக் காலை ஏழு மணிக்கு, சொந்த பூட்ஸுடன் வரவும்.”

அவள் முகம் சட்டென்று வாடியது. “பூட்ஸாக்கா? நான் வெறுங்கால்லதானே உதைச்சேன்.”

மறுபடி வீடியோவை ஓட்டினேன். சிமெண்ட் பூசிய காலை ஷூ என்று நினைத்திருக்கிறேன். ஐந்து விரலும் தெரிந்தன. நிழலைப் பார்த்தவள், விளிம்பைப் பார்த்தவள், தொண்ணூறு டைல்ஸை எண்ணியவள், அந்தக் காலைப் பார்க்கவில்லை. அவளை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது.

“அண்ணா, வண்டிச் சாவியைக் குடு” என்றேன். “நீ காலைக் கழுவிட்டு வாம்மா, அளவு பாக்கணும்.”