வலது டிரான்சிஸ்டர்மேல் தேநீர்

கெய்ரோவில் எங்கள் பொறியியல் கல்லூரியின் இறுதித் தேர்வு. எங்கள் மின்சுற்றில் பெரிதாக ஒன்றுமில்லை: இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு டிரான்சிஸ்டர்கள். இடது பக்கம் ஒரு மில்லிஆம்பியர் ஓடினால், அதைப் பார்த்து வலது பக்கமும் அதே அளவு ஓட வேண்டும். அதனால்தான் இந்தச் சுற்றுக்கு மின்னோட்டக் கண்ணாடி என்று பெயர். ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் தோல்வி. எனக்கு அலெக்சாந்திரியாவில் வேலை காத்திருந்தது, இன்று தேறினால்.

அறுபது டிரான்சிஸ்டர்களை அளந்து ஒரு ஜோடியைப் பொறுக்கியவள் தெமியானா என்கிற நான். இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவிடலாம் என்றும் சொன்னேன். "அசிங்கமா இருக்கும், விடு" என்றான் கூட்டாளி ரவூஃப். மூன்று மாதத்தில் அவன் செய்த ஒரே வேலை அது.

வலது பக்க மீட்டர் 1.00 காட்டியது. தேர்வாளர் டாக்டர் ஷுக்ரி தலையசைத்தார். அந்த நேரம் பார்த்து பியூன் ஹனஃபி தேநீர் கொண்டுவந்தார். டாக்டர் கொதிக்கும் தம்ளரை வாங்கி எங்கள் மின்சுற்றுப் பலகைமேலேயே, வலது டிரான்சிஸ்டரை ஒட்டி வைத்தார்.

1.04. 1.09.

சூடேறினால் டிரான்சிஸ்டர் கூடுதலாக மின்சாரம் கடத்தும், குணம் அப்படி. ஆனால் பேராசிரியரின் தேநீரை நகர்த்துவது எங்கள் ஊரில் அவரையே எழுந்து போகச் சொல்வதற்குச் சமம்.

"ஆறிடும், குடிங்க டாக்டர்" என்றான் ரவூஃப்.

"ஆறட்டும்ப்பா. நாக்கு வெந்துடும்."

பேனாவைத் திறந்தார். 1.17.

நான் தம்ளரை எடுத்து மூன்றே மடக்கில் குடித்துவிட்டேன். தொண்டை வெந்தது. நான்கு கரண்டிச் சர்க்கரை.

"கேட்டிருந்தா உனக்கும் போட்டுத் தந்திருப்பேனேம்மா" என்றார் ஹனஃபி.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

"வலது பக்கம் சூடாயிடுச்சு டாக்டர். ரெண்டும் ஒரே சூட்டுல இருந்தாத்தான் அது இதைப் பாத்து நடக்கும்."

"அப்ப ரெண்டையும் சேத்து ஒட்டியிருக்கணும்ல?"

"ஆமா டாக்டர்."

ரவூஃப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீட்டர் இறங்கியது. 1.11. 1.06. இன்னும் எழுதிவிடாதீர்கள் என்று கும்பிடாத குறை. 1.03 வந்ததும் டாக்டர் எழுதினார்.

"ஒட்டாததுக்கு ரெண்டு மார்க் போச்சு. இருபதுக்குப் பதினெட்டு. ரெண்டு பேரும் பாஸ்."

"ரெண்டு பேருமா?"

"குழுவுக்கு ஒரே மார்க்தான்ம்மா."

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகை வரப்பார்த்தது, அதற்குள் எரிச்சல் முந்திக்கொண்டது. வெளியே வந்ததும் ரவூஃப் என் தோளைத் தட்டினான்.

"நீ குடிச்சது நல்லதாப் போச்சு. இல்லேன்னா நானே குடிச்சிருப்பேன்."