ஆறாவது சுற்றில் என் அப்பா விழுந்த விதம்

1.

அந்தச் சனிக்கிழமை லீமன் க்ரௌடரின் சலூனில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் கத்தரியோடு கடைக்காரர் லீமன். மடியில் தடித்த குறிப்பேட்டோடு, ஓய்வுபெற்ற தபால்காரர் டோபி பிரிங்கிள். லீமனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய அண்ணி வெர்னெட்டா கெய்ன்ஸ். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் படம் ஓட்டிக் காட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். நாற்காலியில், பாதி முடி வெட்டிய தலையோடு, சபைப் பொறுப்பாளரான டீக்கன் வெண்டல் ஃபெல்டர். அவ்வளவுதான். 1983-ல் வடக்கு பிலடெல்பியாவில் வசித்தவர்களில் பாதிப் பேர் அன்று தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இல்லை. நாலு பேர்.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யைச் சொன்னவர் டீக்கன். டீக்கன் நான்தான்.

[அன்று நடந்ததை 'நான்', 'எனக்கு' என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் எனக்கு நானே வக்கீலாக நின்றேன். அதனால் சலூனுக்குள் அவரை மூன்றாம் ஆளாகவே விட்டிருக்கிறேன்.]

2.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"1936-ம் வருடம் மார்ச் மாதம் ஆம்புரோஸ் ஃபெல்டர் மேடை ஏறினார். ஐந்தாவது சுற்று முடிந்தபோது மூலையில் யாரோ வாளியைத் தட்டிவிட, தரையெல்லாம் ஈரமாகி—"

இத்தோடு பேனாவை வைத்துவிட்டேன். வாளியை யாரும் தட்டிவிடவில்லை. அந்த வாளியே பத்தொன்பது வயதில் நான் உண்டாக்கியது.

ஆம்புரோஸ் ஃபெல்டர் என் அப்பா. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர். அன்று அவரோடு மோதிய ரூபன் ஹாலிபர்டன் அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தவர். பின்னால் இரண்டு வருடம் உலகப் பட்டத்தை வைத்திருந்தார். [பெயர் நான் வைத்தது. சாம்பியன்கள் பட்டியலில் தேடாதீர்கள், கிடைக்காது.] ஆறாவது சுற்றில் அப்பா விழுந்தார். எந்த அடியில் விழுந்தார் என்று யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நடுவர் பத்து எண்ணி முடித்தார். மறுநாளே தெரு முழுக்கப் பேச்சு: ஃபெல்டர் பணம் வாங்கிக்கொண்டு படுத்துவிட்டான்.

அப்பாவிடம் கேட்டேன். "அடிச்சான், விழுந்தேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

இவ்வளவு சின்னப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரிடமும் வாளிக் கதையைச் சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். 1959-ல் இறக்கும்வரை அந்தச் சண்டையைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

3.

டோபி பிரிங்கிளைக் கெட்டவராக எழுதத்தான் ஆசைப்பட்டேன். இரண்டு பக்கம் எழுதியும் ஆயிற்று. அவருக்கு ஒரு தங்கப்பல்கூடக் கட்டிவிட்டேன். பிறகு கிழித்துப்போட்டேன். அவரிடம் தங்கப்பல் இல்லை, நியாயம் இருந்தது.

எந்தக் காலத்துச் சாம்பியன் பெரியவர் என்ற சண்டை எல்லா சலூனிலும் நடப்பதுதான். டோபி அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு சாம்பியனின் ஒவ்வொரு வெற்றிக்கும் மூன்று கேள்வி: யாரை அடித்தார், அந்த ஆள் எந்த வயதில் இருந்தார், உண்மையாகவே அடித்தாரா. இவற்றோடு கைவேகத்துக்கும் மதிப்பெண் உண்டு. பழைய படச்சுருள்களை வாங்கிவந்து, சபையின் புரொஜெக்டரை இரவல் எடுத்து, லீமன் கடைச் சுவரில் போர்வை கட்டி ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார். பட்டியல் கரும்பலகையில் எல்லோரும் பார்க்கத் தொங்கும்.

அதில் ஹாலிபர்டன் ஒன்பதாவது இடம். அவருடைய வெற்றிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி: 'ஃபெல்டர்?'

பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்விக்குறிக்கு முதுகைக் காட்டித்தான் டீக்கன் உட்கார்ந்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அன்றும் வழக்கம்போல லூயிஸிலிருந்துதான் தொடங்கியது.

"இருபத்தஞ்சு தடவ பட்டத்தக் காப்பாத்துனாருய்யா ஜோ லூயிஸ்," என்றார் லீமன். "அலி ஆடுவாரு, பாடுவாரு. இருபத்தஞ்சு உண்டா?"

"எண்ணிக்கைதான் பெருசுன்னா மார்சியானோவத் தூக்கி மேல வையி," என்றார் டோபி. "நாப்பத்தொம்பது சண்ட, ஒண்ணுகூடத் தோக்கல."

"அவரு அடிச்சதுல பாதிப் பேரு கெழவனுங்க."

"உன் வயசு இருக்குமா?"

"நா இப்பவும் ரெண்டு சுத்து தாங்குவேன்டா. நீ மாடிப்படி தாங்குவியா?"

டீக்கன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஹாலிபர்டன் பேச்சு இன்னிக்கு இல்லையா?"

"இருக்கு டீக்கன்," என்றார் டோபி. குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சண்டப் படம் கெடச்சிருச்சு. பால்கனியிலருந்து ஒரு கடைக்காரரு சின்ன கேமராவுல எடுத்தது. அவரு சம்சாரம் குடுத்தாங்க. நீங்க இல்லாம ஓட்டக்கூடாதுன்னு வச்சிருக்கேன்."

டீக்கன் எழுந்து போயிருப்பார். ஆனால் பாதித் தலையோடு தெருவில் இறங்கும் வழக்கம் ஃபெல்டர் குடும்பத்தில் இல்லை.

"அவரு வழுக்கி விழுந்தாரு," என்றார்.

"வழுக்குனாலும் ஹாலிபர்டனுக்கு அது வெற்றியில சேராது டீக்கன். படுத்தாலும் சேராது. அடிச்சு விழுந்திருந்தாதான் சேரும். நீங்களே சொல்லுங்க, அடிச்சாரா?"

[இந்த இடத்தில் டீக்கனின் மனதை அரைப் பக்கம் விவரித்திருந்தேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். அவருக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: பன்னிரண்டு வருடமாக நானும் டோபியும் ஒரே பக்கம்தான் நின்றிருக்கிறோம். இருவருமே ஹாலிபர்டன் அடிக்கவில்லை என்றோம். அடித்தார் என்று சொன்ன ஒரே ஆளைக் கல்லறையில் வைத்திருக்கிறோம்.]

4.

போர்வையில் வெளிச்சம் விழுந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் தெறித்துத் தெறித்து ஓடினார்கள். கைகள் தையல் மிஷின் ஊசிபோல ஏறி இறங்கின. திடீரென்று ஒருவர், யாரோ கயிற்றை அறுத்துவிட்ட பொம்மைபோல, சுருண்டு விழுந்தார். அதுதான் ஆம்புரோஸ் ஃபெல்டர்.

"ஒண்ணும் படல," என்றார் டோபி மெதுவாக. "மன்னிச்சிருங்க டீக்கன்."

லீமன் கத்தரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெர்னெட்டா மீன் பொரியல் தட்டின் மூடியைத் திறந்தபடி கேட்டார்: "ஏன்ப்பா, அந்த நடுவரு ஏன் கோழி மாதிரி ஓடுறாரு?"

"அந்தக் காலத்து ஆளுங்க வேகம் அப்படி, மிஸ் வெர்னெட்டா," என்றார் டோபி. "அதனாலதான் கைவேகத்துல பழையவங்களுக்கு நா அதிக மார்க் போட்டிருக்கேன்."

"ஆளுங்க வேகம் சரி. மூலையில ஒருத்தன் தலையில தண்ணி ஊத்துறானே, தண்ணியுமா அந்தக் காலத்துல வேகமா விழுந்துச்சு?"

தட்டை வைத்துவிட்டுப் புரொஜெக்டரிடம் வந்து குனிந்து பார்த்தார்.

"அடப்பாவிங்களா! இது சத்தமில்லாத படம். செகண்டுக்குப் பதினாறு கட்டம் ஓடணும். நீங்க பேசுற படத்துக்கான வேகத்துல, இருபத்துநாலுல ஓட்டுறீங்க. எத்தன வருஷமா இப்பிடி ஓட்டுறீங்க?"

"பன்னண்டு," என்றார் டோபி.

"இங்கப் பாரு, பக்கத்துல ஒரு சுவிட்ச். இதத் தொட்டதே இல்லியா?"

"அது விசிறிக்குன்னு நெனச்சேன்."

வெர்னெட்டா சுவிட்சைத் தள்ளிவிட்டுச் சுருளை மறுபடி ஓட்டினார்.

இப்போது அவர்கள் மனிதர்கள். கனத்த, களைத்த இரண்டு மனிதர்கள். ஆம்புரோஸ் வலது முழங்கையைக் கொஞ்சம் உயர்த்துகிறார். ஹாலிபர்டனின் இடது கை, ஒரு சாண் தூரம்கூட இருக்காது, அந்த முழங்கைக்குக் கீழே விலாவுக்குள் போய்த் திரும்புகிறது. ஒன்றும் நடக்கவில்லை. ஆம்புரோஸ் நிற்கிறார். ஹாலிபர்டன் வலது கையைப் பெரிதாக வீசுகிறார், அது காற்றில் போகிறது. எல்லோரும் பார்த்தது அந்தக் காற்றைத்தான். ஆம்புரோஸ் ஓர் அடி பின்னால் வைக்கிறார். முகம் மாறுகிறது. பிறகுதான் முழங்கால் மடிகிறது. ஏழு எண்ணும்போது எழுந்திருக்கப் பார்க்கிறார், கால் கேட்கவில்லை. ஒன்பதில் மறுபடியும். பத்தில் அவருடைய ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது.

"கல்லீரல்," என்றார் லீமன். ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டவர். "அங்க வாங்குனா ஒடனே விழமாட்டான். ஒரு மூச்சு கழிச்சுதான் ஒடம்புக்குச் சேதி போகும். எனக்கு ஒருதடவ விழுந்திருக்கு. அம்மாவக் கூப்பிட்டு அழுதேன்."

"மறுபடி ஓட்டுங்க," என்றார் டீக்கன்.

மூன்று தடவை ஓட்டினார்கள். தன் அப்பா அடிவாங்கி விழுவதை மூன்று தடவையும் கண் கொட்டாமல் பார்த்த அந்த மனிதருக்கு, நாற்பத்தேழு வருடமாக நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது. இப்படி ஒரு நிம்மதியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'மூச்சு வந்தது' என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

"ஹாலிபர்டன் பலமா அடிக்கிறவருதான்," என்றார் டீக்கன். அந்தப் பெயரை மரியாதையோடு அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

டோபி ஸ்டூலில் ஏறிக் கேள்விக்குறியை உள்ளங்கையால் அழித்தார். ஹாலிபர்டன் ஆறாவது இடத்துக்குப் போனார். இறங்கப் போனவர் பலகையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"அப்ப நா போட்ட கைவேகம் எல்லாம்?"

"எல்லாம் போச்சு," என்றார் வெர்னெட்டா.

"பன்னண்டு வருஷம்!"

"விடுடா, பென்ஷன்காரனுக்கு வேற என்ன ஜோலி? மொதல்லருந்து ஆரம்பி," என்றார் லீமன். முதலில் சிரித்தவர் டீக்கன்.

5.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் டீக்கன் கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார். அன்று அவர் போகவில்லை. மீதி முடியை வெட்டிக்கொண்டார். இன்னொன்றில் டோபி டீக்கனின் கையைப் பிடித்து அழுகிறார். டோபி அழவில்லை. "சந்தேகப்பட்டாதான, டீக்கன், அது பட்டியலு?" என்றார், அதுவும் சரிதான். மூன்றாவதில், மகனின் வாளிக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆம்புரோஸ் மனதுக்குள் என்ன நினைத்தார் என்பதை அவரே—

அதை முடிக்க என்னால் ஆகாது. உங்களுக்கும் அப்பா இருப்பார் அல்லது இருந்திருப்பார், நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். மூன்றும் வேண்டாமென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். எனக்கு ஒரு முடிவும் வேண்டியிருக்கவில்லை. அன்று லீமனின் மீனில் பாதியைச் சாப்பிட்டேன், நன்றாகவே இறங்கியது.

ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். ஆம்புரோஸ் ஃபெல்டர் ஆறாவது சுற்றில் பணம் வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். ஈரத்தில் வழுக்கி விழுந்தார் என்று அவருடைய வீட்டில் சொல்வார்கள். இரண்டும் தவறு. ரூபன் ஹாலிபர்டனின் இடது கை அவரை வீழ்த்தியது.