பதிவேட்டின் முதல் வரி

ஐந்தாம் மாடிக்கு மூச்சிரைக்க வந்து நின்ற மனிதரைப் பார்த்ததும் கிரெடிட்டக்கா முதலில் கேட்டது, “லிஃப்ட் ஓடலையா சார்?” என்றுதான்.

“ஓடுது மேடம்.” சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லிஃப்ட் ஓடும்போது ஐந்து மாடி ஏறி வருகிறவரை டாக்டர் விரட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பெண்டாட்டி. அக்கா அப்படி நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கிரெடிட்டக்கா என்பது அந்தப் பல்கலைக்கழக அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். ஏற்கெனவே வேறெங்கோ படித்துப் பாஸ் செய்த பாடத்துக்குச் சான்று காட்டினால், அதை இங்கே மறுபடி படிக்க வேண்டாம் என்று கிரெடிட் கொடுக்கும் பிரிவு அவளுடையது. அந்த வேலைக்குப் பெரிய மூளை வேண்டாம், ஒரு பதிவேடு போதும். ஒரு பாடம் முதல் முறை வரும்போதுதான் குழு கூடிப் பாடத்திட்டத்தை அலசும். ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டால் அது முன்னுதாரணம். அடுத்து அதே பாடத்தோடு வருகிறவர்களுக்குப் பழைய வரியைக் காட்டி, கீழே புது வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். பதினோரு வருஷமாக அக்கா இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள் என்று ஆபீசில் புகழ்வார்கள். புகழ்ந்தவர்களுக்கே தாங்கள் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரியாது.

வந்தவர் நீட்டிய விண்ணப்பத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். ‘தூக்கு இயந்திரங்களும் பாதுகாப்பும்’ என்ற பாடத்துக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கொடுத்த கிரெடிட்டை ரத்து செய்ய வேண்டுமாம். அந்தப் பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து படிக்க அனுமதி வேண்டுமாம்.

“கிரெடிட் குடுங்கன்னு அழுதவங்களப் பாத்திருக்கேன் சார். திருப்பிக் குடுக்க வந்த முதல் ஆள் நீங்கதான்.”

“நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் மேடம். பாதி ஊருக்கு நான்தான் சர்டிபிகேட் குடுக்கறேன். கயிறு தேஞ்சிருக்கா, பிரேக் பிடிக்குதான்னு பாக்கறதுக்குச் சொல்லித் தர்ற பாடம் இது ஒண்ணுதான். எனக்கு அது தெரியாது.”

“தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடறீங்க?”

“போன வருஷ சர்டிபிகேட்ல என்ன நம்பர் இருக்கோ அதையே எழுதிடுவேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருக்காரு. இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகல. போன மாசம் ஒரு ஆஸ்பத்திரில லிஃப்ட் மூணாவது மாடிலேர்ந்து விழுந்துடுச்சு. யார் செஞ்ச புண்ணியமோ, உள்ள காலி ஸ்ட்ரெச்சர் மட்டுந்தான் இருந்துச்சு. நெளிஞ்சு போய்க் கெடந்தத நான்தான் பாத்தேன்.”

அக்கா அவருடைய கோப்பைப் புரட்டினாள். “டிப்ளமாவுல பாஸ் பண்ணியிருக்கீங்களே சார். அம்பத்தெட்டு மார்க்.”

அவர் அவளையே பார்த்தார். “அந்தப் பரீட்சை நடக்கவே இல்லையே மேடம். உங்களுக்குத் தெரியாததா? நீங்க மூணாவது பெஞ்சு. நான் உங்களுக்குப் பின்னாடி.”

அக்கா பட்டென்று கோப்பை மூடினாள்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய கதை அது. அந்தப் பாடத்துக்கு வந்த வாத்தியார் பாதி வருஷத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. பரீட்சை நாளன்று கட்டைப் பிரித்தால் வேறு ஏதோ பாடத்தின் கேள்வித்தாள் இருந்தது. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைத்து, பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முப்பத்து நான்கு பேருக்கும் ஐம்பத்தெட்டு மார்க். காதும் காதும் வைத்தாற்போல விஷயம் முடிந்தது. அன்றைக்கு அக்கா துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இன்றைக்கு நினைத்தால் அந்தத் துள்ளல்தான் அவளை முதலில் சுட்டது.

பிறகு இங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பதவி உயர்வுக்காக மாலை வகுப்பில் பட்டப்படிப்பு படித்தபோது அந்த ஐம்பத்தெட்டை அவளும் நீட்டினாள். குழு கூடியது. அச்சடித்த பாடத்திட்டத்தைப் பார்த்து ஆகா என்றது. அதை யாராவது நடத்தினார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. பதிவேட்டில் அந்தப் பாடத்துக்கு முதல் வரி அவள் பெயர். அதற்குக் கீழே இருபத்து மூன்று பெயர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் பத்தொன்பதாவது. கூடப் படித்தவர் என்று ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்தும், கண்டும் காணாததுபோல் கையெழுத்துப் போட்டவள் அவளேதான்.

“ஒரு தடவ குடுத்தா குடுத்ததுதான் சார். ரத்து பண்ணணும்னா முதல் வரிலேர்ந்து பண்ணணும்,” என்றாள். விதி அப்படித்தான் இருந்தது. அது அவளுக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது.

“பண்ணுங்களேன் மேடம்.”

“எத்தன பேர் பட்டம் போகும், வேல போகும்னு யோசிச்சீங்களா?”

“என்னோடது போகட்டும். கண்ண மூடினா அந்த ஸ்ட்ரெச்சர்தான் தெரியுது.”

இந்த மனிதர் இத்தனை வருஷம் தூங்கியதுபோல இன்னும் கொஞ்ச நாள் தூங்கித் தொலைத்தால் என்ன என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முதல் வரியை அடித்தால் அவளுடைய பட்டம் போகும், இந்த நாற்காலி போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கம்மா வேலை பார்த்துக்கொண்டே படித்தவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? விண்ணப்பத்தின் ஓரத்தில், ‘முன்னுதாரணம் உள்ளது. கோரிக்கை ஏற்பதற்கில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் சண்டை போடவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

“இந்த பில்டிங் லிஃப்டும் நான் கையெழுத்துப் போட்டதுதான் மேடம். வேற ஆள வெச்சுப் பாருங்கன்னு ரெண்டு தடவ எழுதிப் போட்டேன். சர்டிபிகேட்தான் இருக்கே, எதுக்குன்னு பதில் வந்துச்சு.”

அவருடைய செருப்புச் சத்தம் படிகளில் மாடி மாடியாக இறங்கியது.

அக்கா கோப்பை அலமாரிக்குள் தள்ளினாள். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. ஏழாம் மாடி நூலகத்தில் வேலை செய்யும் மகளுக்கு ஏழாம் மாசம். பன்னிரண்டு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். போகிற வழியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாகக் காலையில் சொல்லியிருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். லிஃப்ட் கதவுக்கு மேலே ஏழு எரிந்துகொண்டிருந்தது. பிறகு ஆறு. அந்த ஆறு போகவே மாட்டேன் என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஐந்தாறு பேருக்கு நடுவில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“வாம்மா, நேரமாச்சு.”

“இறங்குடி. படில போலாம்.”

“இந்த வயித்தத் தூக்கிக்கிட்டா? என்னாச்சு உனக்கு?”

“இல்லடி, இந்த லிஃப்ட்டு...”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பார்கள், அதற்கு இன்னொரு வார்த்தை. அந்த இன்னொரு வார்த்தை பதிவேட்டின் முதல் வரியில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

“லிஃப்டுக்கென்ன? இந்தா, சர்டிபிகேட் ஒட்டியிருக்கு பாரு,” மகள் சுவரைத் தட்டிக் காட்டினாள். பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்: “லிஃப்ட் பத்தியே பரீட்ச எழுதிப் பாஸ் பண்ணவங்க எங்கம்மா. அவங்களே பயப்படறாங்க பாருங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கதவு மூடாமல் கைவைத்துப் பிடித்து, “ஏறுங்கக்கா,” என்றார்.

உண்மையைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏறுவதற்கு வந்தது. உள்ளே போய் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது. அக்கா தலையைத் தூக்கி, நான்கு எரியக் காத்திருந்தாள்.