மணமேடைச் சரம்

ஏசியின் பக்கமூடியைக் கழற்றியதும் கருகல் மணம் றோஸ்மேரியின் மூக்கில் ஏறியது. காலையில் மேடை சோடிக்கும்போது நன்றாக ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது. உள்ளே கைப்பிடியளவு ட்ரான்ஸ்போமர் கறுத்துக் கிடந்தது. புலம்பெயர்ந்து வந்த நகரில், பொலிதேயாமாப் பக்கம் அலுவலகங்களைத் துடைத்துக்கொண்டே மாலை வகுப்பில் ஏசி வேலை படித்தவள் அவள். இன்றைய வேலை சொந்த வேலை: மாலையில் இந்த மண்டபத்தில் மகள் மொனிக்காவின் கல்யாண விருந்து. அல்பெர்கேரியாப் பகுதியின் சந்துக்குள், ஓகஸ்ட் மாத வெக்கையில், ஏசி இல்லாமல் விருந்தாவது மண்ணாவது.

பையில் புதிய ட்ரான்ஸ்போமர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை. பழையது ஏன் எரிந்தது என்று தெரியாமல் பூட்டினால் இதுவும் போய்விடும். பெட்டியிலிருந்து வெளியே போன ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது சுவரோரமாக ஊர்ந்து, மேடைக்குப் பின்னால் ஏறி, அவள் கணவன் அகஸ்ரின் மகளுக்குத் தெரியாமல் ஒரு மாதமாகக் கோர்த்த பல்புச் சரத்தில் முடிந்தது. ஒவ்வொரு பல்புக்கும் மந்தரீனோப் பழத்தின் செம்மஞ்சள் நிறத் தாளில் கூடு.

"இஞ்சேருங்கோ, இதுக்கு எங்கையிருந்து கறண்ட் எடுத்தனீங்கள்?"

"ஏசிப் பெட்டிக்குள்ளையிருந்துதான். இருபத்திநாலு வோல்ற் எண்டு எழுதியிருந்தது. பல்பும் இருபத்திநாலு. பொருத்தம் பாத்துத்தான் கட்டி, காலமை எரிச்சும் பாத்தனான்."

"அதுக்குக் கீழை நாற்பது வி.ஏ. எண்டு இருக்கே, அதைப் பாக்கேல்லையோ? அவ்வளவு பாரம்தான் அது இழுக்கும். ஏசிக்கே இருபத்தஞ்சு வேணும். உங்கடை சரம் முப்பது தின்னும். நாலுபேர் ஏறுற காரிலை ஏழுபேரை ஏத்தின மாதிரி."

"ஏத்தினதுதானே! சியாகுல்லித் தோட்டத்துக்கு மந்தரீனோ பிடுங்க எப்பிடிப் போனனாங்கள்?"

"ஓம், ஏத்தத்திலை கார் நிண்டு நான் இறங்கித் தள்ளினதையும் சேத்துச் சொல்லுங்கோ."

அவன் சிரித்தான். பிறகு சரத்தை அண்ணாந்து பார்த்தான். சிரிப்பு இறங்கியது.

"அப்ப கழட்டுறன் றோஸ். சனம் வேர்த்துக்கொண்டு இருக்கேலாது."

அவள் சரத்தின் வயரைப் பிரித்து, புதியதைப் பூட்டினாள். மண்டபம் குளிரத் தொடங்கியது. சரத்தைக் கழற்ற ஏணியில் ஏறப் போனவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்கோ. ரெண்டையும் ஒண்டாத்தான் தாங்காது. ஒவ்வொண்டாத் தாங்கும்."

மாலையில் மொனிக்கா மாப்பிள்ளையோடு வாசலில் நின்றபோது, றோஸ்மேரி பட்டுச்சேலையோடு சுவரோரம் போய் ஏசியை நிறுத்தினாள். சரத்துக்கென்று புதிதாக வைத்த சுவிச்சைத் தட்டினாள். மேடை முழுவதும் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தது.

"பப்பா!" என்று கத்தினாள் மொனிக்கா.

சனம் கைதட்டியது, பிறகு கையால் விசிறத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் அகஸ்ரின் கோட்டுக்குள் வேர்வையில் நனைந்தபடி, போதும், ஏசியைப் போடு என்று கையைக் காட்டினான். றோஸ்மேரி கண்டும் காணாதவள்போல் நின்றாள். மொனிக்கா முதல் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னும் பாதிச் சரம் இருந்தது.