தவம் அண்ணையின் கையெழுத்து

கை மட்டும் வெளியே தெரிகிறது, மணிக்கட்டு வரைக்கும் சாம்பல் நிறக் களிமண், நீலக் கம்பளிச் சட்டையின் ஓரம் ஒரு விரற்கடை, விரல்கள் ஒருதரம் மடங்கி விரிகின்றன, பிறகு இன்னொருதரம், மழை அந்த விரல்களைக் கழுவிக் கழுவி வெள்ளையாக்குகிறது, நான் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், முப்பத்து மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன், ஜேர்மனியில் பிறேமன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணிக் குவியலிலிருந்து ஒரு சட்டைக் கை நீட்டிக்கொண்டிருந்தால் போதும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைப்பேன், கூட வேலை செய்கிற துருக்கிக்காரி உனக்குச் சுகமில்லையா என்று கேட்பாள், சுகம்தான் என்பேன், சுகத்துக்கு என்ன குறை, வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன், கலியாணம் கட்டினேன், செத்தவன் பெயரில் ஒரு தபாலட்டை எழுதிப் பெட்டியில் போட்டேன்.

சித்தப்பா, இந்த மரம் எங்க, என்று முன்னால் நடக்கிற நிரோஜினி திரும்பிக் கேட்கிறாள், அவள் கையில் அந்த அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு லண்டனிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள், படத்தில் நெட்டுக்குத்தாக நிற்கிற மண்மேடு, உச்சியில் கடல் பக்கம் சாய்ந்தபடி ஒரு மரம், கீழே ஒற்றை ஆள் நடக்கிற அளவுக்கு மணல், அதைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடி எதிரே நிற்கிற கரையோடு பொருத்திப் பார்க்கிறாள், பொருந்துமா, படத்தில் இருக்கிற கரை எப்போதோ கடலுக்குள் போய்விட்டது, வருடத்துக்கு ஒரு அடி, சில வருடம் மூன்று அடி, அந்த மரமும் போய் அதற்குப் பின்னால் நின்ற மரமும் போய்விட்டது, இப்போது உச்சியில் வேலிக் கம்பி ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது, குருவிப் பொந்துகள், வேர்கள், நேற்றைய மழையில் ஊறின களி சின்னச் சின்னக் கட்டிகளாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது, மண் சரியும் உயிராபத்து என்று ஜேர்மன் மொழியில் எழுதின பலகையைத் தாண்டித்தான் நாங்கள் இறங்கினோம், ஆள் நடமாட்டம் இல்லாத கரை, எதிரே பால்டிக், அலையும் இல்லை, உப்பும் போதாது, கடல் என்று சொல்ல வெட்கப்படவேண்டிய கடல். மரம் விழுந்திட்டுது பிள்ளை, என்றேன். அப்ப இடம் இதுதானே, அப்பா படகு ஏறின இடம், என்றாள். இதுதான் என்றேன். இடத்தில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஏறினது எங்கே, படகே வரவில்லை, மொஸ்கோவில் ஆறு பேராகத் தொடங்கி, கடைசியில் நானும் என் பெரியம்மா மகன் தவம் அண்ணையும்தான் மிச்சம், ஏஜென்சிக்காரன் எங்களைக் காட்டு விளிம்பில் இறக்கிவிட்டு, மூன்று நாளில் படகு வரும், அக்கரை டென்மார்க், அதுவரைக்கும் மண்மேட்டின் கீழே ஒளித்திருங்கள் என்றான், நவம்பர் மாதம், மண்ணில் அலை அரித்த ஒரு குடைவு, அதற்குள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறோம், தவம் அண்ணை மல்லாந்து கிடந்தபடி சொல்கிறார், டேய், என்ன நடந்தாலும் சத்தம் போடக்கூடாது, பிடிச்சால் நேர கட்டுநாயக்கா எயார்போட்தான், அங்க இறங்கினால் பிறகு எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஏலாது. பிறகு அண்ணிக்குக் கடிதம் சொல்வார், நான் எழுதுவேன், வழி நெடுக அப்படித்தான், மொஸ்கோவிலும் வில்னியூசிலும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், நீ எழுதடா, உன்ர எழுத்து முத்து முத்தாக் கிடக்கு, என்ர எழுத்து கோழி கிளறினதுதானே, ரண்டு வருசம் ஒரே வீட்டில இருந்தவளுக்கு நான் எப்ப கடிதம் எழுதினனான், அவளுக்கு எங்க தெரியப்போகுது, என்று சிரிப்பார், இராசமலர் அண்ணி அந்த எழுத்தைப் புருஷனின் எழுத்து என்றே நம்பினாள், பிள்ளைக்குப் பல் முளைச்சிட்டுதோ எண்டு கேள், என்று சொல்கிறார், நான் எழுதுகிறேன், அந்தப் பிள்ளை இதோ எனக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடக்கிறாள், முப்பத்து நாலு வயது.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், பயணக் களைப்பில் படுத்துவிட்டாள், நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன், மேசையில் ஒரு துண்டு, எள்ளு, பச்சையரிசி, தர்ப்பை, காத்தோட்டிக்காய், என்று என் எழுத்தில் கிடந்தது, நான் எப்போது இதை எழுதினேன் என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன், ளகரத்தின் சுழி, காலை நீட்டி இழுக்கிற விதம், எல்லாம் என்னுடையது, நான் எழுதவில்லை. எழும்பி வந்தவளிடம் கேட்டேன், இது ஆர் எழுதினது. நான்தான் சித்தப்பா, நாளைக்கு ஆடி அமாவாசை எல்லோ, மறந்திடாமல் எழுதி வைச்சனான், ஏன், என்றாள். வடிவான எழுத்து, என்றேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் முகம் மலர்ந்துபோனது, அது அப்பான்ர எழுத்து, அந்த அட்டையைப் பாத்துத்தான் எழுதப் பழகினனான், சண்டைக்கு ஓடி மல்லாவியில இருக்கேக்க, கொப்பி பென்சில் ஒண்டும் இல்லாத காலம், அம்மா என்ர கையைப் பிடிச்சு மண்ணில எழுதுவிச்சவ, மற்றக் கடிதமெல்லாம் இடம்பெயரேக்க வீட்டோட எரிஞ்சுபோச்சு, இது ஒண்டுதான் மிச்சம், அப்பா உனக்குத் தந்தது இந்த எழுத்து மட்டும்தான் எண்டு சொல்லுவா. நான் தேத்தண்ணியை ஊற்றி அவளுக்குக் கொடுத்தேன். அந்த நேரம் எனக்கு என்னை அருவருத்தது.

இராசமலர் அண்ணி வைகாசியில் செத்துப்போனாள், கூறைச்சேலை உடுத்தி, நெற்றி நிறையப் பொட்டு வைச்சு எரிச்சம் சித்தப்பா, அப்பா எங்கயோ உயிரோட இருக்கிறார் எண்டு மாமியவை நிண்டு சண்டை பிடிச்சினம், அம்மாவும் அப்பிடித்தானே இருந்தவ, என்று காரில் வரும்போது நிரோஜினி சொன்னாள், சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது கரையில் நின்று, அட்டையை இறக்கிவிட்டு, நேராக என் முகத்தைப் பார்க்கிறாள், உயிரோட இருக்கிறவருக்கு எள்ளுத்தண்ணி விட்டாலும் பாவம், செத்தவருக்கு விடாமல் இருந்தாலும் பாவம், பொம்பிளைப்பிள்ளை செய்யக்கூடாது எண்டு ஐயர் சொன்னவர், அவர் சொல்லட்டும், என்னை விட்டால் ஆர் இருக்கினம், எனக்குத் தெரியவேண்டியது ஒண்டுதான், கடைசியா அப்பாவைக் கண்டது நீங்கள், விடட்டோ வேண்டாமோ, நீங்கள் சொல்லுங்கோ. நான் கடலைப் பார்த்தேன், அந்தப் பிள்ளையிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த அட்டை, அதையும் பிடுங்குவதா என்று எனக்குள் ஒருவன் கேட்டான், நல்லவன் மாதிரிக் கேட்டான், அவனை எனக்குத் தெரியும், முப்பத்து மூன்று வருடமாக அவன்தான் என் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். விடு பிள்ளை, என்றேன், அப்பா இல்லை, அப்பவே இல்லை, படகு வரேல்லை.

சொல்லத் தொடங்கினால் சொல்லலாம்போல இருந்தது, இவ்வளவுதானா என்றுகூட இருந்தது, இரண்டாம் நாள் பகல், மழை, நான் தண்ணீர்ப் போத்தலை எடுக்க நாலு அடி தள்ளிப் போனேன், மண் விழுகிறபோது முதலில் சத்தம் வராது, காற்றுத்தான் வரும், முதுகில் ஒரு தள்ளு, திரும்பினால் குடைவு இல்லை, அண்ணை இல்லை, ஒரு மரம் வேரோடு வந்து கிடக்கிறது, ஒரு கை வெளியே. தோண்டினன் பிள்ளை, நகம் பிய்யத் தோண்டினன், என்றேன். ஒருதரும் வரேல்லையோ, என்றாள். ஒரு பொம்பிளை வந்தவ, நாயோட, சிவப்பு மழைக்கோட்டு. கூப்பிட்டனீங்களோ. இல்லை, மரத்துக்குப் பின்னால படுத்திட்டன், பிடிச்சுக் குடுத்திடுவினம் எண்டு பயம், நாய் வந்து கையடியில நிண்டு குரைச்சது, அவ தூரத்தில நிண்டு அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தா, பிறகு நாய் அவவோட போயிட்டுது. எவ்வளவு நேரம் நிண்டவ. கால் மணித்தியாலம், கூடவும் இருக்கலாம். நான் நிறுத்தவில்லை, அன்று பொழுதுபட நடந்து போய்ப் பொலிசில் நானே சரணடைந்ததை, அகதி என்று பதிந்ததை, அண்ணனைப் பற்றி மூச்சுவிடாததை, மாசியில் திரும்ப இங்கே வந்து பார்த்தபோது மண்குவியல் முழுவதையும் கடல் கொண்டுபோயிருந்ததை, கடையில் இந்த அட்டையை வாங்கி, கடற்கரை வாங்கில் உட்கார்ந்து, நாளைக்குப் படகு ஏறுறன், கொஞ்ச நாள் கடிதம் வராது, பிள்ளையைப் பார், என்று எழுதினதை, அண்ணை படகு ஏறினார், நான் கரையில் நின்றுவிட்டேன் என்று பிறகு ஊருக்குச் சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி அழக்கூடாது என்றுதான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, அது பொய், என்னை ஒருவரும் கேள்வி கேட்கக்கூடாது என்றுதான் எழுதினேன்.

நிரோஜினி அட்டையைத் திருப்பி எழுத்துப் பக்கத்தைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள், அம்மா இதைத் தலகணிக்குக் கீழ வைச்சுத்தான் படுக்கிறவ, என்று மட்டும் சொன்னாள், பிறகு அதை உறைக்குள் வைத்துப் பையில் போட்டாள், பிறகு, நான் வரும் வரும் என்று பயந்த கேள்வி, மெதுவாக, சாமான் விலை கேட்கிற குரலில் வந்தது, அந்தப் பொம்பிளை வரேக்க, அப்பான்ர கை அசைஞ்சுகொண்டு இருந்ததோ சித்தப்பா. இல்லை என்ற சொல் என்னிடம் ஆயத்தமாக இருந்தது, வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டி வைத்த சொல், ஒரு பிள்ளைக்குச் செய்கிற சின்னப் புண்ணியம் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். ஓம், என்றேன். அவள் தலையாட்டினாள். இப்ப அப்பா எங்க, என்றாள். அப்ப கரை அங்க இருந்தது, என்று தண்ணீரைக் காட்டினேன், ஒரு அறுபது எழுபது அடி தள்ளி, தண்ணீர் கொஞ்சம் கலங்கித் தெரிகிற இடம். பையிலிருந்து எள்ளும் தர்ப்பையும் எடுத்துக்கொண்டு சட்டையோடு இறங்கினாள், இடுப்பளவு, அந்தக் குளிர் எனக்குத் தெரியும், ஆடியிலும் எலும்பைக் கடிக்கும், உள்ளங்கையில் அள்ளி மூன்றுதரம் விட்டாள், அப்பா, என்று ஒருமுறை கூப்பிட்டாள், கூப்பிட்டுப் பழக்கமில்லாத சொல், நான் சப்பாத்துக்காலோடு கரையில் நின்றேன், நான் இறங்கலாமா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஏறிப் போகிற வழியில், மேடு ஆளுயரத்துக்குத் தாழ்ந்த இடத்தில், ஒரு கயிறு கட்டியிருக்கிறது, அவள் அதைப் பிடித்து ஒரே மூச்சில் ஏறிவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை, மழை தொடங்கிவிட்டது, நான் கயிற்றை எட்டுவதற்குள் காலடியில் களி இளகிச் சரிந்தது, முழங்காலுக்கு மேலே புதைந்துவிட்டேன், இழுக்க இழுக்க இன்னும் இறங்குகிறது, உயிர் போகிற ஆழம் இல்லை, ஆனால் ஒருவர் கை தராமல் ஏறமுடியாது, அண்ணாந்து பார்த்தேன், அவள் மேலே விளிம்பில் நிற்கிறாள், ஈரச் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, இப்போது என்னைத்தான் பார்க்கிறாள், கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான், பிள்ளை என்று கூப்பிட வாய் திறந்தேன், கூப்பிடவில்லை, கூப்பிடுகிற உரிமை எனக்கு எங்கே இருக்கிறது, கையை மட்டும் மேலே நீட்டினேன், மழை அதைக் கழுவிக்கொண்டிருக்கிறது, அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், என் விரல்கள் ஒருதரம் மடங்கி விரிகின்றன, பிறகு இன்னொருதரம்.